முதலில் பள்ளி, பிறகு ரயில், கடைசியில் வீடு: சென்னையில் குடியேறும் குடும்பங்களுக்கு

சென்னைக்கு மாற்றலாகி வரும் குடும்பங்கள் பெரும்பாலும் தலைகீழாகத்தான் தேடுகின்றன. ஆபீஸ் எங்கே என்று பார்த்து, அதன் பக்கத்தில் கைக்கு அடக்கமான வாடகையில் ஒரு டபுள் பெட்ரூம் பிடித்து, அட்வான்ஸ் கொடுத்து, சாமான் இறக்கிய பிறகு "பக்கத்துல நல்ல ஸ்கூல் எது சார்?" என்று வீட்டுக்காரரைக் கேட்பார்கள். அவர் தன் பிள்ளைகள் படித்த தனியார் பள்ளியைச் சொல்வார். பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்க்கப் போகிறவர்களுக்கு இந்த வரிசை ஒத்துவராது. வீட்டு வாசலுக்கு வேன் வராது; பிள்ளை நடந்தோ பஸ்ஸிலோதான் போகும். பெரியவர்கள் ஒரு மணி நேரம் ரயிலில் நின்றுகொண்டு போய்விடலாம், எட்டு வயதுப் பிள்ளையால் முடியாது. ஆகவே பள்ளியை முதலில் முடிவு செய்யுங்கள். அதைச் சுற்றி, பிள்ளை நடக்கக்கூடிய தூரத்துக்கு ஒரு வட்டம் போடுங்கள். உங்கள் வேலைக்குப் போகும் ரயிலோ மெட்ரோவோ அந்த வட்டத்தைத் தொடுகிறதா என்று பாருங்கள். அதன்பிறகு தெருத் தெருவாக இறங்கலாம்.

இங்கே சொல்வதெல்லாம் வாடகைக்கு வருகிறவர்களை மனதில் வைத்து. சொந்தமாக வாங்குகிறவர்களுக்கும் பள்ளி, பயணம், மழை மூன்றும் பொருந்தும், பட்டா, சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதி எல்லாம் தனிக் கதை.

பலகையில் என்ன எழுதியிருக்கிறது?

நாம் பொதுவாகச் சென்னை என்று சொல்லும் பரப்பில் இன்று மூன்று மாநகராட்சிகள் இருக்கின்றன. 200 வார்டுகள் கொண்ட பெருநகர சென்னை மாநகராட்சி, 2019இல் உருவான ஆவடி, 2021இல் உருவான தாம்பரம். சென்னை மாநகராட்சி தானே நடத்தும் பள்ளிகளின் பலகையில் 'சென்னை' என்ற சொல் இருக்கும்: சென்னை தொடக்கப் பள்ளி, சென்னை நடுநிலைப் பள்ளி, சென்னை மேல்நிலைப் பள்ளி. பழைய ஆட்கள் இன்னமும் கார்ப்பரேஷன் ஸ்கூல் என்றுதான் சொல்வார்கள். 'அரசு' என்று தொடங்கினால் அது பள்ளிக் கல்வித் துறை நேரடியாக நடத்துவது. பாடத்திட்டமும் இலவசங்களும் இரண்டிலும் ஒன்றுதான். குழாய் உடைந்தால், ஆசிரியர் இல்லையென்றால் யாரிடம் போய் நிற்பது என்பதில்தான் வித்தியாசம். முதல் வகைக்கு மாநகராட்சிக் கல்வித் துறையும் வார்டு கவுன்சிலரும். இரண்டாம் வகைக்கு மாவட்டத்தின் முதன்மைக் கல்வி அலுவலர்.

மூன்றாவது வகை, அரசு உதவி பெறும் பள்ளி. சென்னையின் பழைய பகுதிகளில் இவை நிறைய. நூறாண்டு தாண்டிய நல்ல பள்ளிகள் பல இந்த வகைதான். கட்டணம் குறைவு, ஆசிரியர் சம்பளம் அரசு தருவது. அதனால் 'இதுவும் கவர்மென்ட் ஸ்கூல் மாதிரிதான்' என்று நினைத்துச் சேர்த்துவிடுகிறார்கள். அந்த 'மாதிரி'யில்தான் சிக்கல். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கு 2021இல் வந்த 7.5 சதவீதமும் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும்தான். உதவி பெறும் பள்ளி அதில் சேராது.

அதைவிட முக்கியம், அந்த ஒதுக்கீட்டுக்கு 6ஆம் வகுப்பிலிருந்து 12 வரை தொடர்ந்து அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளியில் 25 சதவீத இடத்தில் எட்டாவது வரை படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. பெண் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டமும் இதே 6 முதல் 12 கணக்கைத்தான் பார்க்கின்றன. இந்த இரண்டில் உதவி பெறும் பள்ளியின் தமிழ் வழி மாணவர்களும் வருவார்கள். 'எட்டாவது வரை பிரைவேட், அப்புறம் கவர்மென்ட்' என்று திட்டமிடுகிற பெற்றோர் பலர். அவர்கள் எதை விட்டுக்கொடுக்கிறார்கள் என்று பிளஸ் டூ முடித்த பிறகுதான் தெரிய வருகிறது. மகள் இப்போது ஐந்தாவது படிக்கிறாள் என்றால், நீங்கள் தேட வேண்டியது ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அவளால் தொடர முடிகிற பள்ளியை. ஏழு வருட முடிவு அது. வீடு பதினொரு மாத ஒப்பந்தம்தான்.

ஐந்தாவது முடிந்ததும் எங்கே?

பள்ளியின் பெயரிலேயே அது எங்கே முடிகிறது என்பது இருக்கிறது. தொடக்கப் பள்ளி ஐந்தாவது வரை, நடுநிலை எட்டாவது வரை, உயர்நிலை பத்தாவது வரை, மேல்நிலை பன்னிரண்டு வரை. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழான விதிப்படி தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள்ளும், ஆறு முதல் எட்டு வரையிலான பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். சென்னையில் முதலாவது சுலபமாகக் கிடைத்துவிடும். ஏறக்குறைய எந்தப் பேட்டையிலும் ஒரு தொடக்கப் பள்ளி இருக்கும். தடுமாற்றம் ஆறாம் வகுப்பில்தான். அதனால் பிள்ளை இரண்டாவது படித்தாலும் முதலில் மேல்நிலைப் பள்ளியைக் கண்டுபிடியுங்கள். பிறகு அதன் அருகில் தொடக்கப் பள்ளி. இப்படிச் செய்தால் நான்கு வருடம் கழித்து வீடு மாற்ற வேண்டியதில்லை.

இந்த இடத்தில் சறுக்குவது பெரும்பாலும் நான்கு விதத்தில்.

சென்னையின் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் பல, ஆண்களுக்கு அல்லது பெண்களுக்கு மட்டும். பெயர் கேட்டதும் எல்லோரும் சொல்லும் அசோக் நகர் அரசுப் பள்ளி பெண்கள் மேல்நிலைப் பள்ளி. மகளை அங்கே சேர்த்தால் மகனுக்கு வேறு பள்ளி, ஒருவேளை எதிர்த் திசையில். காலை எட்டரைக்கு ஒரே ஆள் இருவரையும் விட முடியுமா என்று கடிகாரத்தை வைத்துப் பார்க்க வேண்டும். அண்ணன் தங்கை இருவரும் ஒரே பள்ளிக்குப் போக வேண்டும் என்றால் 'இருபாலர்' என்பதைக் கேட்டு உறுதி செய்யுங்கள்.

இரண்டாவது, பயிற்று மொழி. ஆங்கில வழிப் பிரிவு எல்லா அரசுப் பள்ளியிலும் எல்லா வகுப்பிலும் இருப்பதில்லை. தொடக்கப் பள்ளியில் ஆங்கில வழியில் படித்த பிள்ளை, ஆறாவதில் அந்தப் பிரிவு நிரம்பிவிட்டது என்று தமிழ் வழிக்கு மாறுவதும், மறுபக்கமாக நடப்பதும் உண்டு. மேல்நிலைப் பள்ளியில் கேட்க வேண்டிய கேள்வி "இங்கிலீஷ் மீடியம் இருக்கா?" என்பதல்ல. "ஆறாவதுல எத்தனை செக்ஷன் இங்கிலீஷ் மீடியம், வெளிப் பள்ளியிலிருந்து எத்தனை பேரை எடுப்பீங்க?" என்று கேட்க வேண்டும்.

மூன்றாவது, பிளஸ் ஒன் குரூப். உயிரியல்-கணிதம், கணினி அறிவியல், வணிகவியல், தொழிற்கல்வி எல்லாம் எல்லாப் பள்ளியிலும் கிடையாது. சில பள்ளிகளில் அறிவியல் குரூப் ஒரு மொழியில் மட்டும் இருக்கும். பிள்ளை ஏழாவதில் இருக்கும்போது இதைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றும். பரவாயில்லை, கேளுங்கள்.

நான்காவதைப் பலர் மறப்பது ஏன் என்று புரியவில்லை: ரயில் பாதை, ஜி.எஸ்.டி. ரோடு, நூறடி ரோடு, பூந்தமல்லி நெடுஞ்சாலை. வரைபடத்தில் 600 மீட்டர் என்று காட்டும் பள்ளி, நடுவில் இதில் ஒன்று ஓடினால் 600 மீட்டர் அல்ல. சப்வே எங்கே, சிக்னல் எங்கே, நடை மேம்பாலம் இருக்கிறதா என்று நடந்துதான் பார்க்க வேண்டும். மழைக் காலத்தில் அந்தச் சப்வேயில் தண்ணீர் நிற்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு, பெரிய சாலையைக் கடக்காத 800 மீட்டர், கடக்கிற 300 மீட்டரைவிட நல்லது.

பள்ளியை எடைபோடுவது

வீட்டிலிருந்தே தொடங்கலாம். மத்திய அரசின் யுடைஸ் பிளஸ் (UDISE+) தளத்தில் 'உங்கள் பள்ளியை அறியுங்கள்' (Know Your School) என்ற பகுதியில் பள்ளியின் பெயரைப் போட்டால் மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, வகுப்பறை, கழிப்பறை விவரங்கள் வரும். இரண்டு கணக்குப் போதும். மாணவர்களை ஆசிரியர் எண்ணிக்கையால் வகுங்கள். சட்டம் சொல்வது தொடக்கத்தில் 30 பேருக்கு ஒருவர், ஆறு முதல் எட்டு வரை 35 பேருக்கு ஒருவர். அடுத்து, கீழ் வகுப்புகளில் எத்தனை பிள்ளைகள், மேல் வகுப்புகளில் எத்தனை என்று ஒப்பிடுங்கள். ஐந்தாவதில் 40 பேர் இருந்து ஒன்றாவதில் 12 பேர் மட்டும் இருந்தால், அந்தப் பேட்டைப் பெற்றோர் அந்தப் பள்ளியை விட்டு விலகிக்கொண்டிருக்கிறார்கள். ஏன் என்று விசாரிக்காமல் சேர்க்காதீர்கள். காரணம் பள்ளியாக இல்லாமலும் இருக்கலாம்: பக்கத்துக் குடியிருப்பை இடித்துவிட்டு ஆட்களை வேறு இடத்துக்கு மாற்றியிருப்பார்கள்.

பிறகு நேரில். இரண்டு தடவை போங்கள், இரண்டும் வேலை நாளில். முதல் தடவை மதிய இடைவேளை நேரம். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, பிள்ளைகள் குடிப்பது எந்தத் தண்ணீர், சத்துணவு எங்கே சாப்பிடுகிறார்கள் என்பதெல்லாம் அந்த அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். தொடக்கப் பள்ளி என்றால் காலை உணவும் உண்டு. 2022இல் தொடங்கி 2023இல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த திட்டம் அது. காலையில் இருவருமே வேலைக்குக் கிளம்பும் வீட்டுக்கு இது பெரிய உதவி. உணவு எத்தனை மணிக்குப் பரிமாறுகிறார்கள், அதற்கு வரும் பிள்ளைகளை எத்தனை மணியிலிருந்து உள்ளே விடுகிறார்கள் என்று கேளுங்கள். உங்கள் எட்டரை மணி ரயில் அதைப் பொறுத்தது.

இரண்டாவது தடவை மாலை, பள்ளி விடுவதற்குக் கால் மணி நேரம் முன்பு. கேட்டில் காத்திருக்கும் அம்மாக்களோடும் பாட்டிகளோடும் நின்றுகொள்ளுங்கள். எந்த டீச்சர் வருவதில்லை, எந்த சார் சனிக்கிழமையும் வந்து கணக்குச் சொல்லித் தருகிறார், கேட்டுக்கு எதிரே உள்ள கடையில் என்ன விற்கிறார்கள் என்பதெல்லாம் எந்தத் தளத்திலும் வராது. அங்கே வரும்.

தலைமையாசிரியரிடம் பேசும்போது தேர்ச்சி விகிதத்தை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். பத்தாவதில் எத்தனை பேர் எழுதினார்கள், ஒன்பதாவதில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதையும் கேளுங்கள். ஒன்பதாவதில் 90 பேர் இருந்து, மறு வருடம் 65 பேர் தேர்வு எழுதி 95 சதவீதத் தேர்ச்சி என்றால் அந்த 25 பேர் எங்கே? மேல்நிலையில் கணிதம், இயற்பியல், வேதியியல் முதுகலை ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. பல ஹெச்.எம்.கள் மறைக்காமல் சொல்வார்கள். அவர்களுக்கும் அது தலைவலிதான். பள்ளி மேலாண்மைக் குழு கூடுகிறதா என்றும் கேளுங்கள். அதில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பது சட்டம். கடைசிக் கூட்டம் எப்போது என்ற கேள்விக்கு உடனே பதில் வந்தால் நல்ல அறிகுறி.

அரசுப் பள்ளியில் சேர்க்கைக்கு இன்ன தெருவில் குடியிருக்க வேண்டும் என்ற கண்டிப்பான எல்லை கிடையாது. ஆனால் பெயர் எடுத்த பள்ளிகளில் இடம் சீக்கிரம் நிரம்பும். அண்மை ஆண்டுகளில் சேர்க்கை மார்ச் மாதமே தொடங்கிவிடுகிறது. மே கடைசியில் வந்து நின்றால் ஆங்கில வழிப் பிரிவு முடிந்திருக்கும். பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ், மேல் வகுப்பு என்றால் மாற்றுச் சான்றிதழ் எடுத்துக்கொள்ளுங்கள். டி.சி. வரத் தாமதம் என்ற காரணத்துக்காக எட்டாம் வகுப்பு வரை சேர்க்க மறுக்கக் கூடாது; கல்வி உரிமைச் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது.

ரயில் எங்கே ஓடுகிறது, நீங்கள் எங்கே போகிறீர்கள்?

இரண்டு மூன்று பள்ளிகள் கைக்கு வந்ததும் போக்குவரத்து. சென்னையில் இருப்பிடத்தைத் தீர்மானிப்பது கிலோமீட்டர் அல்ல, தண்டவாளம். தாம்பரத்திலிருந்து எழும்பூர் ஏறக்குறைய 25 கிலோமீட்டர். மின்சார ரயிலில் சொன்ன நேரத்துக்குப் போய்விடலாம். போரூரிலிருந்து தூரம் அதைவிடக் குறைவுதான். காலை நேரத்தில் பஸ்ஸில் எப்போது போய்ச் சேர்வீர்கள் என்று யாரும் உறுதி தர முடியாது.

புறநகர் ரயில் மூன்று திசை: கடற்கரையிலிருந்து தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு, சென்ட்ரலிலிருந்து பெரம்பூர், வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி வழியாக அரக்கோணம், வடக்கே திருவொற்றியூர், எண்ணூர் வழியாகக் கும்மிடிப்பூண்டி. கடற்கரையிலிருந்து மயிலாப்பூர், திருவான்மியூர் வழியாக வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில். மெட்ரோவில் நீல வழி விம்கோ நகரிலிருந்து விமான நிலையம், பச்சை வழி சென்ட்ரலிலிருந்து அண்ணா நகர், கோயம்பேடு, அசோக் நகர் வழியாகப் பரங்கிமலை. ஆலந்தூரிலும் சென்ட்ரலிலும் வழி மாறலாம். இரண்டாம் கட்ட மெட்ரோவை நம்பி, 'ஸ்டேஷன் வாசல்லயே வருது சார்' என்று புரோக்கர் கேட்கும் கூடுதல் வாடகையைக் கொடுக்காதீர்கள். ரயில் ஓடத் தொடங்கிய பிறகு கொடுக்கலாம். அதுவரை அங்கே இருப்பது பள்ளமும் தடுப்புத் தகரமும் திருப்பிவிட்ட டிராஃபிக்கும்தான்.

கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் ஒரு விதி உதவும். பள்ளி விடும் நேரத்தில், காய்ச்சல் என்று போன் வரும் நேரத்தில் யார் வரப் போகிறார்களோ, அவருடைய பயணம்தான் குறைவாக இருக்க வேண்டும். மற்றவர் தூரம் போகலாம். இருவருக்கும் நடுவில் ஒரு இடம் என்று சமமாகப் பிரித்தால் இருவருமே ஐம்பது நிமிடத் தொலைவில் மாட்டிக்கொள்வீர்கள். பிள்ளைக்கு யாரும் பக்கத்தில் இல்லை.

பயணத்தை ஒத்திகை பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பைக்கில் போய்ப் பார்ப்பது ஒத்திகை ஆகாது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, பார்க்கப்போகும் தெரு முனையிலிருந்து ஆபீஸ் லிஃப்ட் வரை. நடை, ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்தது, பிளாட்பாரத்தில் நின்றது, முதல் வண்டியில் ஏற முடியாமல் விட்டது எல்லாம் சேர்த்து. மாலை ஆறரைக்குத் திரும்பி வந்தும் பாருங்கள். வீடு திரும்பும் பயணம்தான் எப்போதும் நீளமானது. வரைபடத்தைப் பார்த்து ஏமாறுகிற இடங்களும் உண்டு. நங்கநல்லூர் சாலை மெட்ரோ நிலையம் ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கிறது, நங்கநல்லூருக்குள் குடியிருப்பவர் அதை அடைவதற்கே ஒரு பயணம் போக வேண்டும், பலருக்குப் பழவந்தாங்கல் ஸ்டேஷன்தான் வசதி.

செலவையும் எழுதிப் பாருங்கள். மாநகரப் பேருந்தின் சாதாரணக் கட்டண வண்டிகளில் (முன்பக்கம் பிங்க் நிறம்) பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச பஸ் பாஸ். விருப்பம்போல் பயணம் செய்யும் மாதப் பாஸ் 1,000 ரூபாய். மின்சார ரயில் சீசன் டிக்கெட் அந்த மாதப் பாஸைவிட மலிவு. ஆக, ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு கிடைத்தால் பயணச் செலவு ஒரு பொருட்டே இல்லை; ஸ்டேஷனிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளிப் போனால் ஷேர் ஆட்டோவும் வண்டி நிறுத்தும் காசும் அதைத் தின்றுவிடும். நேரத்துக்கும் விலை போடுங்கள். ஒரு பக்கம் 45 நிமிடம் கூடுதல் என்றால் மாதம் 24 வேலை நாளில் 36 மணி நேரம். வாடகையில் மிச்சமாகும் 4,000 ரூபாய்க்கு அந்த 36 மணி நேரத்தை விற்கலாமா என்பது அவரவர் முடிவு. பிள்ளை பத்தாவது படிக்கிற வருடம் விற்காதீர்கள்.

மழையைக் கேட்டுவிட்டு வாருங்கள்

இதில்தான் தெரு முக்கியம், ஏரியா முக்கியமில்லை. "வேளச்சேரியில் தண்ணி நிற்கும்", "அண்ணா நகரில் நிற்காது" என்ற பொதுப் பேச்சால் பயனில்லை. ஒரே பேட்டையில் இரண்டு தெரு தள்ளி இடுப்பளவு தண்ணீர் நிற்கும், இங்கே வாசல் கோலம்கூட அழியாது. 2015 டிசம்பரில் அடையாற்றங்கரையில் ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம், முடிச்சூர். 2021 நவம்பரில் தி. நகர், கே.கே. நகர், 2023 மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரம்பூர்ப் பக்கம். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் காரணம் வேறு. முதலாவது ஆறு கரை மீறியது. இரண்டாவதில் கொட்டிய மழை வடிய வழியில்லாமல் நின்றது. மூன்றாவதில் சதுப்புநிலமும் தாழ்ந்த பகுதிகளும் நிரம்பின. உங்கள் தெரு இந்த மூன்றில் எதற்கு மாட்டும் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

தெருப் பெயர்கள் சில சமயம் உளறிக் கொட்டிவிடும். ஏரிக்கரைத் தெரு, தாங்கல் தெரு, மதகுத் தெரு என்று இருந்தால் அங்கே ஒரு காலத்தில் தண்ணீர் குடியிருந்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. அந்த ஏரியைத்தான் 1920களில் வற்றவைத்துத் தியாகராய நகரை எழுப்பினார்கள்.

வீட்டுக்காரரிடம் "தண்ணி வருமா?" என்று கேட்டால் வராது என்பார். இஸ்திரி போடுபவரிடமும் பெட்டிக்கடைக்காரரிடமும் ஆட்டோ ஸ்டாண்டிலும் கேளுங்கள், அதுவும் வேறு மாதிரி: "2015ல எது வரைக்கும் வந்துச்சு? மிக்ஜாம்ல கரண்ட் எத்தனை நாள் இல்ல?" கையால் காட்டுவார்கள். கூடவே சுவரைப் பாருங்கள். முழங்கால் உயரத்துக்குக் கீழே மட்டும் புதுப் பெயின்ட், இரும்பு கேட்டின் அடியில் மட்டும் துரு, வாசலில் புதிதாகக் கட்டிய சிமென்ட் தடுப்பு, தலைக்கு மேலே ஏற்றி வைத்த இபி மீட்டர்: ஒவ்வொன்றும் ஒரு வாக்குமூலம். கடைசியாக, தெருவில் நின்று தரைமட்டத்தைப் பாருங்கள். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டதில் முப்பது வருடத்துக்கு முந்தைய வீடுகள் பல இன்று தெருவைவிடத் தாழ்ந்து கிடக்கின்றன. வாசல் இறங்கிப் போவதாக இருந்தால் தரைத்தளம் வேண்டாம். அதற்காக மொட்டை மாடிக்கு நேர் கீழே போனால் மே மாதம் ஏ.சி. இல்லாமல் படுக்க முடியாது. மூன்று மாடிக் கட்டடத்தில் முதல் மாடி என்பதே பொதுவாக நல்ல பேரம்.

பள்ளிக்கும் இதே சோதனை. மழை வெள்ளத்தில் பல பள்ளிகளை நிவாரண முகாமாக மாற்றுவார்கள். பக்கத்துப் பேட்டையெல்லாம் பள்ளி திறந்த பிறகும் அது திறக்காமல் இருக்கலாம். அந்த நாட்களில் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்று யோசித்து வையுங்கள்.

குடிதண்ணீர், சாக்கடை, கரண்ட்

2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது லாரிக்குக் குடத்தோடு நின்றது நகரம் முழுவதும்தான், ஆனால் எல்லாத் தெருவும் ஒரே அளவுக்குத் தவிக்கவில்லை. மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியம்) இணைப்பு சம்ப்புக்கு நேராக வருகிறதா, எத்தனை நாளுக்கு ஒரு முறை, போர் தண்ணீர் உப்பா, கோடையில் லாரி வாங்கினால் யார் காசு? இந்த நான்கையும் மாடியில் குடியிருப்பவரிடம் கேளுங்கள். போர் தண்ணீரின் குணத்தைக் குளியலறை சொல்லும்: டைல்ஸில் மஞ்சள் கறை என்றால் இரும்பு, குழாய் வாயில் வெள்ளைப் பொருக்கு என்றால் உப்பும் சுண்ணாம்பும். புறநகரில் பாதாளச் சாக்கடை வந்துவிட்டதா என்றும் விசாரியுங்கள். வரவில்லையென்றால் செப்டிக் டேங்க் லாரிச் செலவு மெயின்டனன்ஸில் வந்து உட்காரும்.

இபி மீட்டர் தனியா, சப்-மீட்டரா? தனி இணைப்பு என்றால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்கே. சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலை வாங்கும் வீடுகளில் அது வீட்டுக்காரரோடு நின்றுவிடும். வாடகை 500 ரூபாய் குறைவு என்று மகிழ்ந்தவர் இங்கே அதைத் திருப்பிக் கட்டுவார்.

மூக்கையும் காதையும் மறக்க வேண்டாம். பெருங்குடி, கொடுங்கையூர் குப்பை மேடுகளின் நாற்றம் காற்றடிக்கும் திசையைப் பொறுத்தது. பகலில் போய்ப் பார்த்தால் தெரியாது, இரவில் ஒருமுறை போங்கள். பம்மல், பொழிச்சலூர் பக்கம் தலைக்கு மேல் விமானம். சிலருக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும், சில கைக்குழந்தைகளுக்குப் பழகாது.

சில பேட்டைகள், சுருக்கமாக

சைதாப்பேட்டையைத் தேடுகிறவர்கள் ஏன் குறைவு என்பது ஆச்சரியம். மின்சார ரயில், மெட்ரோ, அண்ணா சாலைப் பஸ்கள், அரசு மாதிரி மேல்நிலைப் பள்ளி எல்லாம் நடக்கிற தூரத்தில். தெருக்கள் குறுகல், வீடுகள் பழசு; அடையாற்றுப் பக்கத் தெருக்களைத் தவிர்த்துவிட்டால் நல்ல இடம். அசோக் நகர், எம்.ஜி.ஆர். நகர் வட்டாரத்தில் பெண் பிள்ளைக்குப் பள்ளியும் மெட்ரோவும் கிடைக்கும், வாடகை கடிக்கும், எம்.ஜி.ஆர். நகர்ப் பக்கம் கொஞ்சம் இறங்கும், மழைத் தண்ணீரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வட சென்னையை ரியல் எஸ்டேட்காரர்கள் சொல்வதில்லை என்பதால் மட்டும் விட்டுவிடாதீர்கள். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வரை இப்போது மெட்ரோ இருக்கிறது, வாடகை தெற்கைவிடக் குறைவு. மணலிப் பக்கம் தொழிற்சாலைக் காற்று என்பதை மட்டும் கணக்கில் எடுங்கள். குரோம்பேட்டை, தாம்பரம் ரயிலுக்கு ராஜா; ஸ்டேஷனிலிருந்து தள்ளிப் போகப் போக ஏரிகளும் வெள்ளக் கதைகளும் கூடும். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை என்றால் அம்பத்தூர், பட்டரவாக்கம், ஆவடி. கொரட்டூர்ப் பக்கம் ஏரியைப் பாருங்கள். ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) வேலை செய்கிறவர்கள் ஓ.எம்.ஆரிலேயே குடியேற வேண்டும் என்பதில்லை. லாரித் தண்ணீர், மெட்ரோ பள்ளம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால், பறக்கும் ரயில் தொடுகிற ஒரு பழைய பேட்டையில் இருந்து எதிர்த் திசையில் போய்வருவது பலருக்குச் சுலபம்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்

பிப்ரவரியில் பள்ளிகளைப் பார்த்து, மார்ச்சில் சேர்க்கைக்குப் பேசி, ஏப்ரலில் வீடு பிடித்து, முழுத் தேர்வு முடிந்ததும் மாறிவிட்டால் ஜூன் திறப்புக்கு முன் பிள்ளைக்குத் தெரு பழகிவிடும். மே கடைசியில் எல்லாரும் தேடுவார்கள், வாடகையும் ஏறும். ஆனால் மே மாதம் தெருவில் தண்ணீர் நிற்காது. முந்தைய அக்டோபர்-டிசம்பரில் ஒரு மழை நாளில் வந்து பார்க்க முடிந்தால் அதற்கு ஈடில்லை.

தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் குடியிருப்புக்கு அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. நடைமுறையில் ஐந்து, ஆறு, சில இடத்தில் பத்து மாதம் கேட்பார்கள். ஒப்பந்தத்திலும் அப்படியே எழுதிவிடுவார்கள். சட்டத்தைச் சொல்லிப் பேரம் பேசலாம், குறைந்தால் லாபம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். காலி செய்யும்போது பெயின்ட்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை இப்போதே ரூபாயில் எழுதி வாங்குங்கள். 'ஒரு மாத வாடகை' என்று எழுதினால், அது மூன்று வருடம் கழித்து ஏறியிருக்கும் வாடகை.

வீட்டுக்காரர் எப்போது வேண்டுமானாலும் காலி செய்யச் சொல்ல முடிகிற மாதிரி ஒப்பந்தம் இருந்தால், நோட்டீஸ் காலம் கல்வியாண்டின் நடுவில் முடியாதபடி ஒரு வரி சேர்க்கச் சொல்லிப் பாருங்கள்: 'ஜூன் முதல் ஏப்ரல் வரை காலி செய்யக் கோருவதில்லை.' கேட்டதும் பல வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள், ஆனால் வீட்டில் பத்தாவதோ பிளஸ் டூவோ படிக்கும் பிள்ளை இருப்பதைச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.